கட்கியில் ஒரு கணக்குப் புத்தகம்

வெளிநாடு போனால் எல்லோரும் மால், பீச் என்று சுற்றுவார்கள். நான் அந்த ஊரில் பழைய கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பேன். "விடிஞ்சதும் விடியாததுமா சுடுகாட்டுக்குக் கேமராவோட கிளம்புற ஒரே மனுஷன் நீங்கதான்" என்பது தங்கமணியின் நிரந்தரப் புகார். திரும்பி வந்தால் நேராக பாத்ரூம், குளித்த பிறகுதான் காபி. ஓட்டல் ரூமிலும் இதே சட்டம்தான்!

பழக்கம் தொற்றியது சிங்கப்பூரில். கிராஞ்சி போர்க் கல்லறையில் எரிக்கப்பட்ட வீரர்களுக்கென்று தனியாக ஒரு நினைவுச் சின்னம் உண்டு. கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர். புதைத்தால்தான் பெயர் என்றில்லை, எரித்தாலும் பெயரை எழுதி வைக்கலாம் என்று எனக்கு உறைத்தது அங்கேதான். நம் பக்கம் சாம்பலை ஆற்றில் கரைத்ததும் கணக்கு முடிந்தது அல்லவா?

அப்புறம் பேங்க் என்னைத் தூக்கி புனேயில் போட்டது. வந்த முதல் மாதமே கட்கியைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்கி பஜாரில் காய் வாங்கினால் பக்கத்தில் யாராவது தமிழில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள், அது ஒரு சந்தோஷம். 1817 நவம்பர் 5ம் தேதி பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கம்பெனிப் படையும் மோதிய இடம் இதுதான். பேஷ்வா தரப்பில் தளபதி பாபு கோகலே. ஜெயித்தது கம்பெனி. பிறகு வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட் போட்டான், 1869ல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. இன்றைக்கும் பட்டாளத்து ஊர்தான்.

ஹோல்கர் பாலத்துக்குப் பக்கத்தில், முளா ஆற்றை ஒட்டி இருக்கிறது போர்க் கல்லறை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்விடுவேன். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைக் கல்லில் எழுத்து படத்தில் விழாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெட்டிய எழுத்துக்கு நிழல் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,668 பேர் இங்கே இருக்கிறார்கள். புனேயைச் சுற்றிச் சண்டை எதுவும் நடக்கவில்லையே, எப்படி இத்தனை பேர் என்றுதான் முதலில் யோசித்தேன். மேற்கு, மத்திய இந்தியாவில் அங்கங்கே சிதறிக் கிடந்த கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்று இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் கிளைகளை மூடிவிட்டு அக்கவுன்ட்டை எல்லாம் ஒரே கிளைக்கு மாற்றுவது. பம்பாய் சிவ்ரி கல்லறையிலிருந்து மட்டும் 629 பேரை 1962 ஜூனில் மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் முதல் உலகப் போர்க்காரர்கள். அந்தப் போரின்போது இந்தியாவில் இறந்த 1,800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இங்குள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. 629 பேரும் அந்தக் கணக்கில் அடக்கம். மற்றவர்களின் உடல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் எங்கெங்கோ கிடக்கிறது, பெயர் மட்டும் கட்கியில். (சென்னைக்காரர்களுக்கு: நந்தம்பாக்கத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, 856 கல்லறைகள். அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன், ஒரு தடவை கூட இறங்கியதில்லை.)

இதையெல்லாம் பார்த்துக்கொள்வது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917ல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் உருவானது. அவர்கள் விதி எளிமையானது. ஜெனரலோ சிப்பாயோ, எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 1 அடி 3 அங்குலம். பணக்காரன் வீட்டுப் பிள்ளை என்று பெரிய கல் வைக்க முடியாது. உடலை ஊருக்கு எடுத்துப் போகவும் அனுமதி இல்லை. குடும்பத்தார் அடியில் ஒரு வரி சேர்க்கலாம், அதுவும் 66 எழுத்துக்குள். முதல் போருக்குப் பிறகு எழுத்துக்கு மூன்றரை பென்னி கேட்டார்கள். காசில்லாத வீட்டுக்கு இது அநியாயம் என்று நியூசிலாந்து அரசு தன் வீரர்களுக்கு அந்த வரியே வேண்டாம் என்றுவிட்டது.

அந்த சமத்துவத்தைப் பார்த்து ரொம்ப நாள் சொக்கிப்போயிருந்தேன். 2021ல் ஆணையமே ஓர் அறிக்கை விட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள் போன்றோரில் 45,000 முதல் 54,000 பேருக்கு மற்றவர்களுக்குச் செய்த மாதிரி செய்யவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர் எழுதவே இல்லை. ஆடிட்டில் இந்த அளவு வித்தியாசம் வந்தால் மேனேஜர் தூங்க மாட்டார்.

எனக்கு உறுத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு ஓர் அண்ணன். பதினேழு வயதில் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1942க்குப் பிறகு கடிதம் இல்லை. போர் முடிந்து திரும்பிய யாரோ, "சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க" என்று சொன்னதோடு சரி. இறந்த தேதி தெரியாததால் பாட்டி வருஷா வருஷம் மஹாளய அமாவாசைக்கு அவருக்கும் ஒரு இலை போடுவாள்.

சயாம் மரண ரயில் 415 கிலோமீட்டர். 1942ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். செத்துப்போன போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். தொழிலாளர்களோ தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். கைதிகள் செத்தவர்களின் பெயரை ரகசியமாகக் குறித்து வைத்தார்கள், சில பட்டியல்களைக் கல்லறையிலேயே புதைத்தும் வைத்தார்கள். போர் முடிந்ததும் தேடிப்போன குழு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 பேர் வரிசையாகக் கிடப்பதை நான் பார்த்தேன், படமும் எடுத்தேன். தோட்டத்துக் கூலிகளுக்கு இப்படிப் பெயர் எழுதி வைக்க ஆள் இல்லை.

போன மாதம் கட்கியிலிருந்து வந்து, குளித்துவிட்டு, அம்மாவுக்கு போன் போட்டேன். "பாட்டியோட அண்ணன் பேரு என்னம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பெரிய மாமான்னுதான்டா சொல்லுவோம். அம்மா அவரை அண்ணன்னுதான் சொல்லும். பேரு... கேட்டதில்லையேடா."

நானும்தான் கேட்டதில்லை. ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரப் பையன்களின் பெயர், நம்பர், ரெஜிமென்ட் எல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் தேதிவாரியாக இருக்கிறது.

நாம் கல் நடத் தெரியாதவர்கள் இல்லை. 2006ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் ஆகோள் பூசலில் செத்த தீயன் அந்தவன் பெயர் தமிழ் பிராமியில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் மாடு பிடிக்கும் சண்டையில் செத்தவனுக்குப் பெயர் இருக்கிறது.

2023ல் காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில், ரயிலில் செத்த தமிழர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நடுகல் நிறுத்தியிருக்கிறார்கள். நான் காஞ்சனபுரி போனது அதற்கு முன்னால். வருகிற மஹாளய அமாவாசைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க. இலை நான் எடுத்து வெக்கிறேன்."