வாதம் ஒன்று, மன்றங்கள் பல

தரம் பத்து வரலாற்றுப் பாடத்தில் 'வாதம்' என்றால் என்ன என்று கேட்டேன். "அம்மாயிக்குக் கால்ல வந்தது சேர்" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. அவனைத் திருத்த முற்பட்டபோதுதான், என்னிடமும் ஒரே விடை இல்லை என்பது தெரிந்தது.

வீட்டில் வாதம் என்றால் சண்டை. உயர்தரக் கணிதத்தில் சிக்கலெண்ணின் கோணத்தை வீசல் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் 'ஆர்கியுமென்ட்' என்றே பெயர். அரபு மொழியோ பிரித்து வைத்திருக்கிறது. எதிராளியுடன் தர்க்கிப்பது ஜதல். நிலைநாட்டும் சான்று ஹுஜ்ஜத். இமாம் கஸ்ஸாலி ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப்படுவது இப்பொருளிலேயே. தெரிந்த தீர்ப்பிலிருந்து புதிய நிலைமைக்குத் தீர்ப்புக் காண்பது கியாஸ். ஜதல் முழுவதும் விலக்கப்பட்டதன்று. சூறத்துன் நஹ்லின் 125ஆம் வசனம் அழகிய முறையில் வாதிடப் பணிக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலையகத்தில் ஒரு தலைமுறையின் வாழ்வே இந்த வேறுபாட்டில் தங்கியிருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தை இங்கு பிறந்தாரா, இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா என்று கேட்டது. லயத்து வாழ்க்கையில் இதற்கெல்லாம் அத்தாட்சி வைத்திருந்தோர் சிலரே. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்கு என்றது. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவோ, பிற சமூகத்தாருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தார் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றிருந்தது.

ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளையின் வழக்கில் இவை மோதின. 1951இல் உயர் நீதிமன்றம் சட்டத்தின் சொல்லை நோக்கியது. அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. சொல் தெளிவாயிருப்பதால் ஆணைக்குழு அறிக்கைகளைப் புரட்டவும் வேண்டியதில்லை என்றது. 1953இல் கோமறைக் கழகம் ஒரு படி இறங்கி வந்தது. நேராகச் செய்ய முடியாததைச் சட்டமன்றம் சுற்றுவழியில் செய்யவும் கூடாது என ஒப்புக்கொண்டது. ஆயினும், 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருப்பதால் அத்தகைய திட்டம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று முடித்தது.

நீதிமன்ற வாதம் தன் மன்றத்துக்குள் ஒழுங்கானதுதான். ஆனால் நமது ஃபிக்ஹு அறிஞர்கள் கியாஸ் செய்கையில் சொல்லோடு நிற்பதில்லை. இல்லத் எனும் காரணத்தைத் தேடுவர். மதுவில் காரணம் போதை என்றால், வேறு பெயரில் வரும் போதைப் பானமும் ஹராமே. அந்தக் கண்ணுக்கு, 'சமூகத்தின் பெயர் இல்லை' என்பது முழு விடையாகாது.

வரலாற்றாசிரியனின் வாதம் இன்னும் வேறு. கதவு திறந்திருந்தது என்றால், எத்தனை பேர் நுழைந்தனர் என்று அவன் கேட்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. எனினும், விளைவு மட்டும் நோக்கத்தை நிரூபித்துவிடாது. அதற்குப் பாராளுமன்ற விவாதங்களையும் 1947 தேர்தலையும் படிக்க வேண்டும். வழக்கில் இடம்பெறாத தாள்கள்தாம் இங்கே சாட்சிகள்.

சட்டத்தின் பெயரிலேயே 'பாகிஸ்தானியர்' இருந்தது. முஸ்லிம்களாகிய நாமும் அதற்குள் வந்தோம். ஹட்டன் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருந்த என் பாட்டனாரும் விண்ணப்பித்தார். மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தாயாரின் மவுத்துக்குப் போனவர் பதினான்கு மாதம் ஊரில் தங்கிவிட்டார். தொடர்ச்சி அறுந்தது. கடைக் கணக்குப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போனவர் அப்படியே சுமந்து திரும்பினார். அவர் பொய் சொன்னார் என்று எவரும் சொல்லவில்லை. அவருடைய உண்மைக்கு அந்த மேசையில் இடம் இருக்கவில்லை.

பழைய சட்டப் புத்தகம் தீர்ப்பைச் சொல்லும். அந்தக் கணக்குப் புத்தகங்களை இப்போது கறையான் தின்கிறது. வீட்டில் உள்ள பழைய கடதாசிகளைக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாயியின் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்பதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான்.