மூன்று பேர் நடந்த வழி

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சரித்திரத்தைக் கண்டால் கொஞ்சம் பொறாமை உண்டு. என் கதாநாயகன் மலையுச்சியிலிருந்து இருட்டில் சறுக்கி விழுந்து, ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் எழுந்து நின்றான் என்று நான் எழுதினால், "ஸார், கொஞ்சம் நம்பும்படியாக எழுதக் கூடாதா?" என்று கேட்டுக் கடிதம் போடும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் சரித்திரத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. இப்படி நடந்தது, நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடும்.

1916-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி, விடிவதற்கு வெகு நேரம் முன்னால், சுமார் மூன்று மணிக்கு, மூன்று பேர் ஒரு தீவின் தென்கரையிலிருந்து வடகரைக்கு நடக்கப் புறப்பட்டார்கள். நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் இருபது மைல். பழனிக்குப் பாத யாத்திரை போகிற நம் ஊர்க் கிழவிகளுக்கு இது ஒரு நாள் நடை. "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். இவர்களுக்கு முப்பத்தாறு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர்கள் நடந்த தூரம் முப்பது மைலுக்கு மேல்.

தீவின் பெயர் தென் ஜார்ஜியா. தென் அமெரிக்காவின் கடைக்கோடியிலிருந்து கிழக்கே ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடிமடியில், காற்றுக்கும் அலைக்கும் நடுவே கிடக்கிறது. நீளம் சுமார் 105 மைல். அகலம் மிகுந்த இடத்தில் 25 மைல். அந்தச் சின்ன அகலத்துக்குள் 9,600 அடிக்கு மேல் உயரமுள்ள சிகரம் ஒன்று நிற்கிறது. நிலத்தில் பாதிக்கு மேல் வருஷம் பூராவும் பனிக்கட்டி மூடியிருக்கும். 1775-இல் காப்டன் குக் இதைக் கண்டபோது தென் துருவக் கண்டமே கிடைத்துவிட்டது என்று நினைத்தார். கரையோடு போய்த் தென்கோடியைச் சுற்றித் திரும்பியதும் வெறும் தீவுதான் என்று தெரிந்தது. அந்தக் கோடிக்கு 'ஏமாற்ற முனை' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். மனிதர் மனத்தில் இருந்ததை மறைக்கவில்லை.

1904 முதல் வடகரைத் துறைமுகங்களில் நார்வே தேசத்தார் வந்து தங்கித் திமிங்கில வேட்டை நடத்தினார்கள். அவர்களுக்குக் கடலில் வேலை; மலையில் என்ன வேலை? ஆகையால் கரையோரத்தைக் காட்டிய கடற்படத்தில் தீவின் நடுப்பகுதி எழுதாத சிலேட்டைப் போல வெறுமையாக இருந்தது.

இந்த மூன்று பேரும் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது தனிப் புத்தகமாக எழுதவேண்டிய கதை. அப்படியே பல புத்தகங்கள் எழுதப்பட்டும் இருக்கின்றன. நான் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஸர் எர்னெஸ்ட் ஷாக்கில்டன் என்பவர் தென் துருவக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்துவிடுவது என்று 27 பேரைச் சேர்த்துக்கொண்டு, 'என்டியூரன்ஸ்' என்ற கப்பலில், 1914 டிசம்பரில் இதே தென் ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டார். கப்பல் உறைந்த கடலில் மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் பனி அதை நெருக்கிற்று. 1915 நவம்பரில் மூழ்கடித்தது. பனிப் பாளத்தின் மேல் கூடாரம் போட்டு வாழ்ந்து, பிறகு மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரலில் 'யானைத் தீவு' என்ற மொட்டைப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு கப்பலும் வராது. ஆகவே இருபத்திரண்டு பேரை அங்கே விட்டுவிட்டு, ஷாக்கில்டன் ஐந்து பேரோடு, இருபத்திரண்டரை அடி நீளமுள்ள படகில், உலகத்திலேயே மிகக் கொந்தளிப்பான கடலில், எண்ணூறு மைல் வந்தார். வந்து கரையேறிய இடம் தென் ஜார்ஜியாவின் தென்கரை. மனிதர்கள் இருந்ததோ வடகரை!

படகிலேயே சுற்றிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். படகு அதற்கு லாயக்கில்லை. ஆறு பேரில் இரண்டு பேர் எழுந்து நிற்கிற நிலையிலேயே இல்லை. காற்று ஒரு தரம் தள்ளிவிட்டால் பிறகு ஆப்பிரிக்கா வரையில் தண்ணீர்தான். ஆகவே மூன்று பேரைக் கவிழ்த்த படகின் அடியில் விட்டுவிட்டு, மூன்று பேர் நடப்பது என்று முடிவாயிற்று. நடந்தவர்கள் ஷாக்கில்டன், கப்பல் தலைவர் வொர்ஸ்லி, அயர்லாந்துக்காரரான மாலுமி டாம் கிரீன். இவர்கள் வழியில் விழுந்து இறந்தால், கவிழ்த்த படகுக்கு அடியில் இருப்பவர்களுக்கும் யானைத் தீவில் இருக்கும் இருபத்திரண்டு பேருக்கும் யாரும் வரப்போவதில்லை. அவர்கள் அங்கே இருப்பதே உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அவர்கள் எடுத்துச் சென்ற சாமான்களின் ஜாபிதாவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மூன்று நாள் ஆகாரம். ஐம்பது அடிக் கயிறு. பனியை வெட்டிப் படி அமைக்கத் தச்சரின் வாய்ச்சி ஒன்று. 48 தீக்குச்சிகள். நம் வீட்டு அடுக்களைகளில் ஒரு காலத்தில் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்த அதே பிரைமஸ் ஸ்டவ். படுக்கை கிடையாது, கூடாரம் கிடையாது. கனம் என்று விட்டுவிட்டார்கள். காலில் தேய்ந்துபோன பூட்ஸ். அது பனியில் வழுக்கும் என்பதற்காக, படகிலிருந்து பித்தளைத் திருகாணிகளைக் கழற்றி, அடித்தோலின் வழியாக முனை வெளியே நீட்டும்படி முடுக்கிக் கொடுத்தார் தச்சர் ஹாரி மக்நிஷ். கவிழ்த்த படகின் அடியில் தங்கியவர்களில் அவர் ஒருவர். இந்தத் தச்சரை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல நிலா. முழங்கால் வரையில் புதையும் பனி. மூன்று பேரும் ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். மேலே ஏறியதும் மூடுபனி வந்து நிலாவை மறைத்தது. சற்று விலகியபோது கீழே அழகான ஏரி ஒன்று உறைந்து கிடப்பது தெரிந்தது. சமதளம், சௌகரியமான வழி என்று சந்தோஷமாக இறங்கினார்கள். விடிந்த பிறகுதான் அது ஏரியல்ல, கடல் என்று தெரிந்தது. 1775-இல் காப்டன் குக் இறங்கிக் கொடி நாட்டிய அதே குடா அது! வடகரைதான், ஆனால் ஆள் இல்லாத வடகரை. கரையோடு போகவும் வழியில்லை. இறங்கிய மலையைத் திரும்ப ஏறவேண்டியதாயிற்று. வழி தவறுவது யாருக்கும் சகஜம். நானும் ஒரு தடவை கொடைக்கானல் மஞ்சில் தங்கியிருந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். ஆனால் நான் தவறினால் காப்பி ஆறிப்போகும். அவ்வளவுதான்.

அடுத்தாற்போல் குறுக்கே ஒரு மலைத்தொடர் நின்றது. விரல்களை விரித்த கையைப் போலப் பாறைகள். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. முதல் இடைவெளிக்குப் படி வெட்டி ஏறிப் பார்த்தார்கள். அந்தப்புறம் செங்குத்தான பள்ளம். இறங்கி, சுற்றி, இரண்டாவது. அதுவும் அப்படியே. மூன்றாவதும் உதவவில்லை. நாலாவதில் ஏறி நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. பின்னாலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முன்னால் சரிவு தொடங்குவது தெரிந்தது. எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை. அந்த உயரத்தில் ராத்திரி தங்கினால் விடியும்போது மூன்று சடலங்கள்தான் இருக்கும். வாய்ச்சியால் ஒவ்வொரு படியாக வெட்டி இறங்கப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் இரவு முழுதும் ஆகும்போலிருந்தது.

ஷாக்கில்டன் இயல்பில் ஜாக்கிரதைக்காரர். ஆபத்தைத் தேடிப் போகிறவர் அல்ல. அப்படிப்பட்டவர், சறுக்கிவிடலாம் என்றார். கயிற்றை மூன்று சுருளாகச் சுற்றி, ஆளுக்கு ஒன்றை ஆசனமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். ஷாக்கில்டன் முன்னால், அவரைக் கட்டிக்கொண்டு வொர்ஸ்லி, வொர்ஸ்லியைக் கட்டிக்கொண்டு கிரீன். குழந்தைகள் ரயில் விளையாடுவார்களே, அதே தோரணை. உந்திவிட்டார்கள். இரண்டு மூன்று நிமிஷங்களில் தொள்ளாயிரம் அடி இறங்கிவிட்டதாக ஷாக்கில்டன் கணக்குச் சொல்கிறார். கீழே மெத்தென்ற பனிக்குவியல் ஏந்திக்கொண்டது. மூன்று பேரும் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இதைத்தான் நான் கதையில் எழுதியிருந்தால் கடிதம் வந்திருக்கும்.

இரவும் நடந்தார்கள். நடுநிசிக்கு மேல், போய்ச் சேரவேண்டிய துறை கண்ணில் பட்டுவிட்டதாக எண்ணி வெகு தூரம் இறங்கினார்கள். காலடியில் பனிப் பிளவுகள் தென்பட்ட பிறகு, அந்தத் துறையில் பனியாறு கிடையாதே என்ற யோசனை வந்தது. மறுபடியும் ஏற்றம். மணி ஐந்து இருக்கும். பாறை ஒன்றின் மறைவில் ஒருவரையொருவர் அணைத்தபடி உட்கார்ந்தார்கள். வொர்ஸ்லியும் கிரீனும் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார்கள். தானும் தூங்கினால் அது மூன்று பேருக்கும் கடைசித் தூக்கம் என்று ஷாக்கில்டனுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் பொறுத்தார். எழுப்பினார். அரைமணி நேரம் தூங்கிவிட்டீர்கள், போதும், கிளம்புங்கள் என்றார். அவர்களும் நம்பி எழுந்து நடந்தார்கள். பொய்க்கும் ஓர் இடம் உண்டு என்று வள்ளுவர் அனுமதித்திருக்கிறார். அந்த அனுமதியை இதைவிட நல்ல காரியத்துக்கு யாராவது பயன்படுத்தியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

காலை ஆறரை மணிக்கு, தூரத்தில் நீராவிச் சங்கு ஊதினதுபோல் ஷாக்கில்டனுக்குக் காதில் பட்டது. பிரமையோ என்று சந்தேகம். நிஜமானால் அது ஆட்களை எழுப்புகிற சங்கு. ஏழு மணிக்கு வேலைக்குக் கூப்பிட இன்னொரு சங்கு ஊதவேண்டும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் காத்திருந்தார்கள். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மில் சங்கு கேட்டு எழுந்திருக்கிறவர்கள் அதைச் சபிப்பது வழக்கம். இந்த மூன்று பேர் சரியாக ஏழு மணிக்கு அதைக் கேட்டார்கள். 1914 டிசம்பருக்குப் பிறகு, தங்கள் கூட்டத்தைச் சேராத மனிதர்கள் எழுப்பிய சத்தம் எதையும் அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

அப்புறமும் ஒன்பது மணி நேர நடை பாக்கி. கடைசியில் ஓர் ஓடையில் இறங்கி நடந்தார்கள். அது முப்பதடி அருவியாகக் கொட்டிற்று. கயிற்றைப் பாறையில் கட்டி, அந்தக் குளிரில், அருவியின் ஊடாகவே இறங்கினார்கள். கயிற்றை மீட்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஸ்டிராம்னஸ் என்ற திமிங்கிலத் துறை. அப்போதுதான் மூன்று பேருக்கும் தங்கள் கோலம் நினைவு வந்தது. குளித்து எத்தனையோ மாதங்கள். தாடி, சடை, கிழிந்த உடை. துறையில் ஸ்திரீகள் இருந்தால் என்ன செய்வது? வொர்ஸ்லி எங்கிருந்தோ சில ஊக்குகளை எடுத்துத் தம் கால்சட்டையின் கிழிசலைச் சேர்த்துக் குத்திக்கொண்டார். ஒட்டுப்போட்ட இடம் இன்னும் பிரமாதமாகத் தெரிந்ததுதான் மிச்சம்!

முதலில் எதிர்ப்பட்டவர்கள் இரண்டு சிறுவர்கள். பார்த்ததும் ஓடிவிட்டார்கள். துறையின் நிர்வாகி தொரால்ஃப் சோர்லே, ஷாக்கில்டனை முன்பு தம் வீட்டில் உபசரித்தவர். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் உள்ளே அழைத்துப்போனார். யுத்தம் எப்போது முடிந்தது என்று ஷாக்கில்டன் கேட்டார். அவர்கள் இங்கிலாந்தை விட்டது 1914 ஆகஸ்டில், யுத்தம் தொடங்கிய சமயத்தில். முடியவில்லை என்றார் சோர்லே. லட்சம் லட்சமாக மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், உலகத்துக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்றார். இருபத்தெட்டுப் பேரில் ஒரு உயிர்கூடப் போகக் கூடாது என்று மலை ஏறி வந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவே மலைமேல் பெரும் பனிப்புயல் அடித்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. வொர்ஸ்லி குளித்துச் சவரம் செய்துகொண்டு, தென்கரையில் விட்டுவந்த மூன்று பேரை அழைத்துவரக் கப்பலில் போனார். தம்மவர் ஒருவரும் வராமல் யாரோ அந்நியனை அனுப்பிவிட்டார்களே என்று அந்த மூன்று பேருக்கும் வருத்தம்! யானைத் தீவை எட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று கப்பல்களைப் பனி திருப்பி அனுப்பியது. நாலாவதாக, லூயிஸ் பார்டோ என்பவர் ஓட்டிய 'எல்ச்சோ' என்ற சிறிய சிலி நாட்டுக் கப்பல், 1916 ஆகஸ்ட் 30-இல் போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 1919-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் ஷாக்கில்டன், அந்த நடையில் தாங்கள் மூன்று பேர் அல்ல, நான்கு பேர் என்று தமக்கு அடிக்கடி தோன்றியதாக எழுதினார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வொர்ஸ்லி தாமாகவே அதே மாதிரி சொன்னார், கிரீனும் ஒப்புக்கொண்டார். கவி எலியட் இதை 1922-இல் வந்த தம் 'பாழ்நிலம்' என்ற நூலில் எடுத்தாண்டார். எந்தப் பிரயாணம் என்பது அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை, எண்ணிக்கையும் மாறிவிட்டது. கவிகளுக்கு அது சகஜம். பக்தர்கள் தெய்வம் என்றார்கள், டாக்டர்கள் களைப்பு என்றார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர விருப்பமில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மறைத்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த நடையில் நான்காவதாக ஒருவர் இருந்தார் என்றால் என் ஓட்டு தச்சர் மக்நிஷுக்கு. எண்ணூறு மைல் வந்த படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே கித்தான் போர்த்தி, இடுக்குகளை ஓவியரின் வர்ணத்தாலும் ஸீல் ரத்தத்தாலும் அடைத்தவர் அவர். மூன்று பேரும் ஊன்றி நடந்த திருகாணி அவருடையது. படி வெட்டிய வாய்ச்சி அவர் தொழிலுக்குரியது. 1915 டிசம்பரில், பனிமேல் படகை இழுக்கச் சொன்னபோது, கப்பல் போனபின் ஒப்பந்தமும் போயிற்று என்று அவர் முரண்டு பிடித்தார். அதை ஷாக்கில்டன் மறக்கவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் போலார் மெடல் கிடைத்தது; அவருக்கும் வேறு மூவருக்கும் கிடைக்கவில்லை. ஷாக்கில்டனிடம் எனக்குள்ள மதிப்பில் இந்த இடத்தில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அவிழ்க்க முயன்றேன், முடியவில்லை.

ஷாக்கில்டன் 1922 ஜனவரி 5-இல் தென் ஜார்ஜியாவில் நங்கூரம் போட்டிருந்த கப்பலிலேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். ஸ்டிராம்னஸ் துறை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது; துருப்பிடித்த கொட்டகைகளைச் சுற்றி ஸீல்கள் படுத்துறங்குகின்றன. மூழ்கிய 'என்டியூரன்ஸ்' 2022 மார்ச்சில், சுமார் பத்தாயிரம் அடி ஆழத்தில், பின்புறத்தில் எழுதிய பெயர்கூட அழியாமல் கண்டுபிடிக்கப்பட்டது. மக்நிஷ் 1930-இல் நியூஸிலாந்தில் ஏழையாக இறந்தார். மெடல் போனதைவிட, கப்பலை இழந்த சமயத்தில் உணவு போதாதென்று ஷாக்கில்டன் சுடச் சொன்ன தம் பூனையைத்தான் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். 2004-இல் வெல்லிங்டன் நகரில் இருக்கும் அவருடைய கல்லறையின் மேல் வெண்கலத்தில் ஒரு பூனையைச் செய்து வைத்திருக்கிறார்கள். காலை நீட்டிக்கொண்டு, சௌகரியமாகப் படுத்திருக்கிறது.