முழங்காலும் ஒரு தீர்மானமும்

1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய கால்பந்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5இல், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாதெனத் தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாதாம். பெண்ணுடல் தாங்காது என்று சொல்ல மருத்துவர்களும் கிடைத்தார்கள். அந்தத் தடை விலக ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. பிரேசிலில் 1941இல் வந்த தடை 1979 வரை நீடித்தது.

தடை போய்விட்டது. உடல்மேல் பழிபோடும் பழக்கம் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கால்பந்தில் கணுக்கால் சுளுக்கும் தொடைத்தசைப் பிடிப்பும் அன்றாடம் நேர்பவை. ஆட்ட வாழ்க்கையையே முடித்துவிடக்கூடியது ஏ.சி.எல். கிழிவு. முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்திருக்கும் நார் அது. பெரும்பாலும் யாரும் வந்து மோதுவதில்லை. ஓடுகிறவள் சட்டென நின்று திரும்புகிறாள், அல்லது துள்ளி ஒற்றைக் காலில் இறங்குகிறாள். பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கால் உள்பக்கம் சரிந்து திருகுகிறது. 'டப்'பென்று சத்தம் கேட்டதாகப் பலரும் சொல்கிறார்கள்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இருமடங்குக்கு மேல் நேர்கிறது. அகன்ற இடுப்பு, ஹார்மோன், மாதச்சுழற்சி என்று காரணம் அடுக்குவார்கள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பார்சன்ஸ், கோயன், பெக்கர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2021இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வேறொன்றைக் கேட்டார்கள்: சிறுவயது முதலே அவளுக்கு என்ன பயிற்சி, என்ன வசதி கிடைத்தது?

குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சரளைமண்ணில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி விளங்கும். வெயிலில் இறுகிய தரை, மேலே உருளும் பொடிக்கல். பையன்கள் ஐந்து வயதிலேயே இதில் ஓடி, விழுந்து, விழக் கற்றுக்கொள்கிறார்கள். பெண்பிள்ளை பன்னிரண்டு வயதில் வருகிறாள். அதுவும் பெரியவளாகிவிட்டால் வீடு மறுபடி யோசிக்கும். எப்படி இறங்குவது, எப்படித் திரும்புவது என்று கால் பழகும் வயதில் அவள் தண்ணீர்க்குடம் சுமந்துகொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில்தான் 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீகை வென்றது.

2022 நவம்பரில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, வயது 17, லிகமென்ட் அறுவை சிகிச்சைக்குப் போனாள். பிறகு போட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தியது. காலை எடுத்தும் அவள் பிழைக்கவில்லை. அவள் இறந்தது ஆட்டத்தால் அல்ல. ஆனாலும் அந்த வாரம், 'பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு ஃபுட்பால்' என்ற பேச்சை நான் பேருந்தில் கேட்டேன், 1921இன் தீர்மானம் தமிழில் வாசிக்கப்பட்டதுபோல.

ஃபிஃபாவின் '11+' என்றொரு பயிற்சி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம்: ஒற்றைக்காலில் நிற்பது, குந்தி எழுவது, குதித்து மெதுவாக இறங்குவது. கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. அண்ணன் ஷூவின் நுனியில் துணி திணித்து ஆடும் பிள்ளைக்கும் அதை நாளைக்கே சொல்லித்தரலாம். அளவான ஷூவை யாராவது வாங்கித்தர வேண்டும்.