புதுவெளிக் கோபுரம் நின்ற ஊர்

மார்கழியில் நாகப்பட்டினத்துக்குப் போக எங்களுக்குக் கப்பல் இல்லை. காங்கேசன்துறையிலிருந்து அது ஏறத்தாழ 60 கடல்மைல்தான், நாலு மணித்தியாலப் பயணம். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிய கப்பல்சேவை, வடகீழ்ப் பருவக்காற்று வருகுதென்று சில நாட்களிலேயே நின்றுபோனது. 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கி, அந்த வருஷ மாரிக்கும் நின்றது. ஆகவே குளிர்காலத்தில் போகிறவர்கள் பலாலியிலிருந்தோ கட்டுநாயக்காவிலிருந்தோ பறந்துபோய், பிறகு ரயிலிலோ பஸ்ஸிலோ காவிரிப் படுகையின் வயல்களைக் கடந்து கிழக்கே கடலுக்கு வரவேணும். நாங்களும் அப்படிச் சுத்திக்கொண்டுதான் போனோம்.

எங்களை மறிக்கிற இதே காற்றுத்தான் ஆயிரம் வருஷத்துக்கு முதல் இந்த ஊருக்குக் கப்பல்களைக் கொண்டுவந்தது. மலாயா, சுமாத்திராப் பக்கத்திலிருந்து மேற்கே வாற பாய்க்கப்பல்கள் வடகீழ்க் காற்றைப் பிடித்தே வந்தன. திரும்பிப் போகத் தென்மேல் காற்றுக்குக் காத்திருந்தன. இடையில் மாதக்கணக்கில் கரையில் இருக்கிறவனுக்குச் சோறு வேணும், படுக்க இடம் வேணும், கும்பிட ஒரு இடமும் வேணும். நாகப்பட்டினத்தின் பௌத்த வரலாற்றை இந்தக் காத்திருப்பிலிருந்து விளங்கிக்கொள்வது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இலங்கையிலிருந்து இந்தப் பக்கம் போகும் சனம் பெரும்பாலும் வேளாங்கண்ணிக்குப் போகும், அல்லது நாகூருக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நாகப்பட்டினத்தில் இறங்குகிறவர்கள் குறைவு. கடற்கரையில் டிசம்பர் 26 வந்தால் மெழுகுதிரி எரியும். 2004இல் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முல்லைத்தீவு, கல்முனைக்காரருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் தேடிப் போனதோ இப்ப அங்கே இல்லாத ஒரு கட்டடத்தை.

1006ஆம் ஆண்டளவில், தஞ்சாவூரில் பெரியகோயில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஸ்ரீவிஜயத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்தவிகாரை கட்டத் தொடங்கினான். அவனுடைய மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை அந்த விகாரைக்கு எழுதிக்கொடுத்தவன் முதலாம் இராசராசன். அதைச் சாசனமாக்கியவன் இராசேந்திரன். 21 செப்பேடுகள், கொஞ்சம் சமஸ்கிருதம், மிச்சம் தமிழ், எல்லாவற்றையும் கோக்க இராசேந்திரனின் முத்திரை போட்ட ஒரு வளையம். ஒல்லாந்தர் காலத்தில் இவை ஐரோப்பாவுக்குப் போய், பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. சோழர் வரலாற்றின் முக்கியமான சாசனம் ஒன்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்த காரணம் இதுதான்.

இதை வைத்து இராசராசன் எவ்வளவு பரந்த மனசுக்காரன் என்று உருகுகிற எழுத்துகள் இணையத்தில் நிறைய. எங்களுக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. அநுராதபுரத்தை அழித்ததும் அவனுடைய படைதான். விகாரைக்கு ஊர் கொடுத்த அதே வம்சம் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்கள் மேல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைக் கொள்ளையடித்தது. மற்றப் பக்கமும் அப்படித்தான்: அதே ஸ்ரீவிஜய அரசனின் ஆட்கள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் நகையும் விளக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகள் காயாரோகணசுவாமி கோயிலில் இருந்து படித்தெடுக்கப்பட்டவை. வியாபாரம் நடக்கவேணும் என்றால் அந்த ஊர்ச் சாமியையும் கவனிக்கவேணும். அவ்வளவுதான்.

அரசர்களை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தால் கதை மாறுகிறது. 1856க்கும் 1930களுக்கும் இடையில் நாகப்பட்டினத்தின் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலச் சிலைகள் வெளியே வந்தன. (நாணயக்கார என்று கேட்டதும் எங்கட ஆக்களுக்குக் கொழும்புப் பாராளுமன்றம்தான் ஞாபகம் வரும். அந்தத் தெருவின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று எங்களுக்கும் சிரிப்பு வந்தது.) கையளவுச் சிலைகள் நிறைய. உற்சவத்தில் எழுந்தருளப்பண்ணுகிற மாதிரிச் செய்த சிலைகளும் உண்டு. சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்து. அப்படி ஒன்று, அக்கசாலையர், அதாவது பொற்கொல்லர், பெயரோடு வருகிற பெரும்பள்ளி ஒன்றைச் சொல்கிறது; புத்தரை 'ஆழ்வார்' என்கிறது; திருவுற்சவத்துக்கு எழுந்தருள என்று சொல்கிறது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் களவெடுத்து உருக்கி ஸ்ரீரங்கத்தில் மதில் கட்டினார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் பெருமையோடு சொல்லும். அந்த ஊரிலேயே புத்தருக்கும் ஆழ்வார் என்றுதான் பெயர் இருந்திருக்கிறது!

ஆகவே இது கடாரத்து வியாபாரி வந்து கும்பிட்டுவிட்டுப் போன இடம் மட்டுமில்லை. சிலை வார்த்தவரும், உபயம் செய்தவரும், தேர் இழுத்தவரும் தமிழ் பேசின ஆக்கள். வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

இந்தத் தொடர்பு எங்கட கரையிலும் இருக்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில், பெரியகுளத்தடியில் வெல்கம் விகாரை. தமிழ்ச் சனம் அதை நாதனார் கோயில் என்று சொன்னது. அங்கே கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் விபரம் தமிழில் இருக்கிறது. சோழர் இடித்த விகாரைகள் பற்றி எங்கட நாட்டு வரலாற்றுப் புத்தகம் நல்லாய்ச் சொல்லும். சோழர் காலத் தமிழர் விளக்கேற்றிய விகாரை பற்றி இரண்டு பக்கத்தாரும் அதிகம் கதைப்பதில்லை.

கதைக்காமல் இருப்பதற்குக் காரணம் எங்களுக்கும் தெரியும். வடக்குக் கிழக்கில் வளர்ந்த எங்கட தலைமுறைக்குப் புத்தர் சிலை என்றால் முதலில் ஞாபகம் வருவது அரசமரம், அதற்குக் கீழே காவலரண். தையிட்டியில் சனத்தின் காணிக்குள் விகாரை எழும்பி, காணிக்காரர் போராடிவருகிறார்கள். இந்த நிலைமையில் "தமிழரும் பௌத்தராய் இருந்தவர்கள்" என்று வாய் திறந்தால், அதை எங்கே கொண்டுபோய் முடிப்பார்களோ என்ற பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் நாங்கள் சொல்கிற பதில், பௌத்தம் என்றால் சிங்களம், எங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற பதில், மற்றவர் சொல்வதையே திரும்பச் சொல்வது. கந்தரோடையில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு தாதுகோபம் வந்தால் அது ஆருடையது என்ற கேள்விக்கு அப்போது ஒரே ஒரு விடைதான் மிஞ்சும். அந்த விடையை நாங்களே கையில் கொடுத்துவிடுகிறோம். மற்றப் பக்கத்தால், அது தமிழ்ப் பௌத்தம் என்று நிறுவிவிட்டால் ஒரு முகாம் எழும்பிவிடும் என்று நினைப்பதும் வெகுளித்தனம். காணிப் பிரச்சினை காணிப் பிரச்சினைதான். அது உறுதிப் பத்திரத்திலும் நீதிமன்றத்திலும் பேசவேண்டிய விசயம். அதற்காக வரலாற்றைச் சுருக்கத் தேவையில்லை.

சரி, நாகப்பட்டினத்து விகாரைக்கு என்ன நடந்தது? 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. பர்மாவிலிருந்து களனிக்கு உபசம்பதை பெற வந்த பிக்குமாரில் ஒரு பகுதியினர், திரும்பும்போது கப்பல் உடைந்து, கால்நடையாக நாகப்பட்டினம் போய், சீன அரசன் கட்டுவித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்று பெகுவில் தம்மசேதி அரசன் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. பிறகு போர்த்துக்கேயர். பிறகு 1658இல் ஒல்லாந்தர். யாழ்ப்பாணக் கோட்டை விழுந்த அதே வருஷம். அடுத்த சில வருஷங்களில் தஞ்சை நாட்டில் பஞ்சம் வர, பட்டினி கிடந்த சனத்தை அடிமைகளாக வாங்கி ஒல்லாந்தர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினார்கள். அந்தக் கதைக்கு வேறொரு கட்டுரை வேணும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கோபுரம் நின்றுகொண்டிருந்தது. மூன்று மாடி, சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், உள்ளே வெறும் கூடு. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். கப்பற்காரர் சீனக் கோபுரம் என்றார்கள், கடலில் இருந்து வழி பார்க்க அதைத்தான் தேடினார்கள். இது சூளாமணி விகாரையின் மிச்சமா, 13ஆம் நூற்றாண்டில் சீனர் கட்டினதா என்பதில் ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. 1846இல் வால்டர் எலியட் அதைப் போய்ப் பார்த்துக் குறிப்பெழுதினார். அந்தக் காணியில் கல்லூரி நடத்திய இயேசு சபையினர் கோபுரத்தை இடித்துக் கல்லெடுக்க அனுமதி கேட்டார்கள். 1867இல் அரசாங்கம் கொடுத்தது. இடித்தார்கள். அந்தக் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்மாறிப் போய்விட்டது. பதினாறே வருஷம்!

படையெடுப்பும் இல்லை, மதக்கலவரமும் இல்லை. ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து. அதைத் தடுக்க ஊரில் பௌத்தர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. எங்களை அங்கே அதிகம் உறுத்தினது இதுதான்.

மிஞ்சாதவர்களைத் திரும்ப உண்டாக்க முயன்றவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சனம்தான் பழைய தமிழ்ப் பௌத்தர் என்பது அவருடைய வாதம். வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அந்த வாதம் ஏன் தேவைப்பட்டது என்று யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியாமல் இருக்க ஏலாது. 1950கள், 60களில் சாதி பார்த்துப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் மறிக்கப்பட்டபோது, புத்தூர்ப் பக்கத்தில் அவர்களுக்குக் கதவு திறந்தது பௌத்தப் பள்ளிக்கூடம். அதற்குப் பின்னால் அரசியல் இருந்தது, சிங்கள மொழிமூலம் என்ற சிக்கலும் இருந்தது. ஆனாலும் தமிழ்ப் பௌத்தத்தைப் பெருமையாகப் பேச வெளிக்கிடுகிறவர்கள் சோழரில் தொடங்கி வீரசோழியத்தில் நிறுத்திவிட்டு, புத்தூரைத் தாண்டிப் போவது சரியில்லை.

குளிர்காலத்தில் போக நினைக்கிறவர்களுக்கு: மார்கழி முதற்பாதி வரை மழையும் புயலும் வரலாம், தை பிறந்தால் வானம் வெளிக்கும். கோபுரம் நின்ற இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. காயாரோகணசுவாமி கோயிலுக்குப் போங்கோ, வெளிப்பாளையத்தில் நடவுங்கோ. வெண்கலப் புத்தர்களைப் பார்க்கச் சென்னை எழும்பூர் நூதனசாலைக்குப் போகவேணும். வெள்ளிக்கிழமை பூட்டு.