வயது சுமார்

கர்ணம், மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அதன் பிறகு தேர்வெழுதி கிராம நிர்வாக அலுவலராக வந்தவன் நான். ஆனால் கவுஞ்சி, பூண்டி, கிளாவரைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நான் கடைசிவரை 'கணக்குப்பிள்ளை'தான். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் கவுஞ்சியில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் நிறுத்தினார்.

"எழுபது முடிஞ்சா அஞ்சு லட்சத்துக்கு ஆசுபத்திரி அட்டையாம்ல? ஆதார்ல எனக்கு அறுபத்தாறுன்னு கெடக்கு. நீங்க எழுதுனதுதான கணக்குப்பிள்ளை?"

நான் எழுதியதுதான். வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகப் போன நாட்கள் அவை. பிறப்புப் பதிவு கிடையாது, பள்ளிச் சான்று கிடையாது. "அண்ணா செத்த வருஷம் பெரிய மனுஷியானேன்" என்பார்கள், "எம்.ஜி.ஆர். மொத மொதல்ல செயிச்சப்ப ரெண்டாவது பிள்ளை" என்பார்கள். அண்ணா மறைந்தது 1969, எம்.ஜி.ஆர். முதல்வரானது 1977. உட்கார்ந்து கணக்குப் போட்டால் வயது ஓரளவு வந்துவிடும். பல நாள் உட்காரவில்லை. மன்னவனூர் வழியாகத் திரும்பும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஆளைப் பார்த்து 'சுமார்' போட்டிருக்கிறேன். அந்தச் சுமார் வாக்காளர் அட்டைக்குப் போயிற்று, அதைப் பார்த்து ரேஷன் கார்டு, அப்புறம் ஆதார். அக்கா சொன்ன கணக்குப்படி அவருக்கு எழுபத்தொன்று.

அந்தக் காலத்தில் வயது இவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. முதியோர் உதவித்தொகைக்குத்தான் வயது கேட்பார்கள் (1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது அது). மருத்துவக் காப்பீடு வந்தபோது கேட்டது வருமானத்தை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு லட்சம் வரை சிகிச்சை. ஆட்சி மாறி, 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. ஒரு வருஷம் பூண்டு விலை ஏறும், மறு வருஷம் விதைக்காசு தேறாது. இந்த ஊரில் யாருடைய ஆண்டு வருமானத்தை எப்படி எழுதுவது? எழுதினேன், அதையும்.

சான்று கையில் கிடைத்தால் போதாது. ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸ் போய்ப் படம் எடுக்க வேண்டும். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் மதுரை. திண்டுக்கல் ஆன பிறகும் கவுஞ்சிக்காரருக்கு பூம்பாறை, கொடைக்கானல், வத்தலக்குண்டு என்று இறங்கி நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போய்விடும், இராத் தங்கல் வேறு. நான் கையெழுத்துப் போட்ட தாள்களில் எத்தனை திண்டுக்கல் வரை போய்ச் சேர்ந்தனவோ.

அமெரிக்காவில் 1965 ஜூலையில் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயதானவர்களுக்கான காப்பீடு. முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு. ஆட்களைச் சேர்க்க வீடு வீடாகப் போனார்கள். காட்டுக்குள் தனியாக இருக்கும் முதியவர்களைத் தேட வனத்துறை ரேஞ்சர்களைக்கூட அனுப்பினார்களாம். படித்தபோது எங்கள் மலைதான் நினைவுக்கு வந்தது. ரேஞ்சர் இங்கேயும் உண்டு. அவர் வந்தால் விறகுக் கட்டை ஒளித்துவைப்பார்கள்.

அக்கா கேட்டது மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய வய வந்தனா அட்டையை. எழுபது வயதானவருக்கு வருமானம் எவ்வளவானாலும் ஐந்து லட்சம் வரை சிகிச்சை. வயதுக்கு ஆதார்தான் அத்தாட்சி. ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறை மாற்றலாம், ஆதாரச் சான்று இருந்தால். அவருக்கு என்ன சான்று இருக்கிறது? அண்ணா செத்த வருஷம்தான்.

"அதை விடுங்கக்கா" என்றேன். "முதலமைச்சர் திட்டத்துக்கு வயசே வேண்டாம். அதுவும் இப்ப அஞ்சு லட்சம். 2022-லேர்ந்து வருஷ வருமானம் 1,20,000 வரைக்கும் இருக்கலாம். மகன் ரேஷன் கார்டுல உங்க பேரு இருக்கா?"

இருக்கிறதாம். வீட்டுக்காரர் காலத்து அட்டை எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று எடுத்ததே இல்லை. 2012-ல் நான் கொடுத்த சான்றை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். கொண்டுவந்து காட்டினார். என் கையெழுத்து, மடிப்பில் கிழிந்து.

மகனிடம் புதுச் சான்றுக்கு எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் திண்டுக்கல்லுக்கு நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வாங்க. அங்கயும் வந்து சுமாராச் சொல்லிப்புடாதீக" என்றார்.