ஒற்றைக் கம்பியும் மூன்று அலைகளும்

பட்டறைத் தொழிலாளி ஒருவன் பழைய கடைசல் இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அதன் மோட்டர் மூன்று அவத்தை மின்சாரத்துக்கு உரியது. வீட்டுக்கு வரும் கம்பியிலோ தனி அவத்தை. கடைத்தெருவில் 'பேஸ்' என வழங்கும் இந்த அவத்தையால் நேரும் சங்கடம் அவனுக்கு மட்டும் உரியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னர் ஹங்கேரி நாட்டுப் பொறியியலாளர் கால்மான் கண்டோவையும் இது வாட்டியது. அவர் ஓட்ட முயன்றதோ புகையிரதம்!

மூவவத்தை மோட்டரை 1889ஆம் ஆண்டிலே ஆக்கியவர், பேர்லின் நகரின் ஏ.ஈ.ஜி. நிறுவனத்திற் பணிபுரிந்த டொலிவோ டொப்ரோவொல்ஸ்கி என்பார். மூன்று மின் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதால் மோட்டரினுள்ளே காந்தப்புலம் தானே சுழல்கின்றது. அச்சுத்தண்டும் உடன் சுழல்கின்றது. 1891இல் லௌபன் என்னும் ஊரிலிருந்து பிராங்க்பேர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீற்றர் தூரம் இம்மின்சாரத்தை அனுப்பிக் காட்டியதும் ஆலைகள் யாவும் அதனை நாடின. தனி அவத்தையிலோ புலம் முன்னும் பின்னும் ஊசலாடுவதேயன்றிச் சுழல்வதில்லை. மோட்டர் முனகிக்கொண்டு நிற்கும். சும்மா விட்டால் சூடேறி எரிந்தும் போகும்.

1902இல் வட இத்தாலியின் வால்தெல்லினாப் பாதையில், கண்டோவின் திட்டப்படி மூவவத்தைப் புகையிரதம் ஓடிற்று. மேலே இரண்டு கம்பிகள், மூன்றாவதற்குத் தண்டவாளம். சமவெளியில் நன்றாகவே ஓடிற்று. ஆனால் பாதைகள் பிரிந்து கூடும் நிலையங்களில் அவ்விரு கம்பிகளும் ஒன்றையொன்று தீண்டாமற் காப்பது பெரும்பாடாயிற்று.

ஆகவே கண்டோ சுமையைக் கம்பியிலிருந்து இறக்கி எஞ்சினுள் ஏற்றத் துணிந்தார். மேலே ஒரே கம்பி. அதில் தனி அவத்தை. எஞ்சினுள்ளே சுழலும் மாற்றி ஒன்று அதனைப் பல அவத்தைகளாக்கி மோட்டருக்கு ஊட்டும். அமெரிக்காவின் நோபோக் வெஸ்டேர்ன் நிறுவனம் 1915இலேயே நிலக்கரி வண்டிகளுக்கு இத்தகைய மாற்றியைக் கையாண்டதுண்டு. எனினும் அங்கு விநாடிக்கு 25 சுற்றுடைய தனி மின்சாரம் வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் வழங்கும் 50 சுற்று மின்சாரமே போதும் என்பது கண்டோவின் பிடிவாதம். 1923இற் சோதனை எஞ்சின் வெளிவந்தது. 1932இல் புடாபெஸ்ற் நகரிலிருந்து மேற்கே செல்லும் பாதையில் அவருடைய எஞ்சின்கள் ஓடலாயின. அதனைக் காண அவர் இல்லை. 1931 ஜனவரியில் காலமானார். அவருடைய மாற்றி பாரமானது, வேகங்களும் நான்கே. எஞ்சினிலிருந்து அம்மாற்றி பின்னாளில் மறைந்தது; ஆனால் 50 சுற்றும் ஒற்றைக் கம்பியும் உலகின் பல பாதைகளில் நிலைபெற்றன.

பட்டறைக்காரன் இன்று தெரிவு செய்வதும் சுமையை எங்கே ஏற்றுவது என்பதையே. மூவவத்தை மோட்டரை எப்படியேனும் சுழற்றிவிட்டால் அது தனி அவத்தையிலும் ஓடும். ஓடும்போது வெறுமையான மூன்றாம் முனையில் குறைந்த அவத்தை பிறக்கும். கொள்ளளவிகள் கொண்ட நிலைமாற்றி தொடக்கத்துக்கு மட்டும் கைகொடுத்து விலகும். விலை குறைவு, ஆயினும் மோட்டரின் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே கிட்டும். துளையிடும் இயந்திரத்துக்கு அது போதும். பல இயந்திரங்கள் உள்ள பட்டறைக்கு, சும்மா சுழலும் ஒரு மோட்டரையே மாற்றியாக்குதல் பொருத்தம். அது பட்டறையின் மிகப்பெரிய மோட்டரிலுஞ் சிறிதாயிருத்தல் ஆகாது. சுமையுடன் புறப்படும் காற்றமுக்கி இருப்பின் இன்னும் பெரிதாதல் வேண்டும். இக்காலத்து மின்னணு மாற்றியோ இயந்திரத்துக்கு ஒன்றாக வாங்கவேண்டியது. வேகத்தையும் விருப்பப்படி கூட்டிக் குறைக்கும்.

எதை வாங்கினும், முதலில் மோட்டரின் பெயர்த்தகட்டைப் படித்தல் வேண்டும். 230 வோற்றை வாங்கும் சாதாரண மாற்றி 230 வோற்றையே திருப்பித் தரும். 400 வோற்றுக்கென்றே உள்ளே பிணைத்து, மூன்று முனைகளை மாத்திரம் வெளியே விட்ட பழைய மோட்டர் அதிற் சரிவர இழுக்காது. ஆறு முனைகளும் வெளியே இருந்து, தகட்டில் 230/400 எனப் பொறித்திருந்தால், மின்வினைஞர் அதனை முக்கோண இணைப்பாக மாற்றித் தருவார்.