சாம்பல் மூடிய கோடியாக் – 5: ஒரே இடம், இரண்டு படங்கள்

1912 ஜூன் 6 மாலை அலாஸ்காவின் கோடியாக் ஊரில் தொடங்கிய எரிமலைச் சாம்பல் மழை ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்தே ஓய்ந்தது. ‘மேனிங்’ கப்பலில் தஞ்சம் புகுந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த மக்கள் கரையிறங்கினார்கள். அங்கே என்ன மிஞ்சியிருந்தது?

ஓர் அடி கனத்துக்குச் சாம்பல். பாரம் தாங்காமல் கூரைகள் இறங்கியிருந்தன. மலைச்சரிவுகளிலிருந்து சரிந்த சாம்பல் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. மேய்ச்சல் அழிந்ததால் ஆய்வுப் பண்ணையின் மாடுகளையே கப்பலேற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு அங்கு வந்தார் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ராபர்ட் கிரிக்ஸ். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல். இந்த மண் மீண்டும் துளிர்க்க ஒரு தலைமுறையாவது ஆகும் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

1915இல் நேஷனல் ஜியாகிரபிக் சங்கத்தின் உதவியோடு கிரிக்ஸ் திரும்பி வந்தார். மலையெங்கும் பச்சை! புல் முன்னைவிடச் செழித்து நின்றது. சாம்பல் மூடியிருந்தபோது படங்கள் எடுக்கப்பட்ட இடங்களையே தேடி மறுபடியும் படம் பிடித்தார்கள். முதல் படம் மட்டும் இருந்தால் கோடியாக் செத்த ஊர். இரண்டாவது மட்டும் இருந்தால் எதுவுமே நடக்காத ஊர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மண்ணின் பிடிவாதம் புரியும். அழிவைப் படமெடுக்கப் பலர் ஓடிவருவார்கள். மீட்சியைப் படமெடுக்கத் திரும்பி வருபவரே வரலாற்றை முழுமையாக்குகிறார்.

அந்தப் பசுமை எங்கிருந்து வந்தது? காற்றில் பறந்துவந்த விதைகளிலிருந்து அல்ல. சாம்பலுக்கு அடியில் பழைய வேர்கள் உயிரோடு இருந்தன. அவை விட்ட முளைகள் சாம்பலைத் துளைத்து மேலே வந்தன. சிறு செடிகளும் பாசியும் புதைந்துபோனதால் போட்டியில்லாமல் புல் ஓங்கி வளர்ந்தது.

ஆனால் கோடியாக், எரிமலையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊர். நெருப்புக்கு அருகில் இருந்த நிலம் என்ன ஆனது? எரிமலையை நோக்கிப் போன கிரிக்ஸை 1915இல் கட்மாய் ஆற்றின் புதைமணல் மறித்தது. 1916இல் அவர் விடவில்லை. கட்மாய் எரிமலையின் மேல் ஏறினார். உச்சியையே காணவில்லை! அது இருந்த இடத்தில் பெரும்பள்ளம், அதனடியில் ஓர் ஏரி. ஊரைப் புதைத்த சாம்பல் இந்த வாயிலிருந்துதான் வந்தது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பல பத்தாண்டுகள் நிலைத்தது. அது தவறு!

ஜூலை 31. கட்மாய் கணவாயில் திரும்பிவிடலாமா என்று யோசித்த கிரிக்ஸின் கண்ணில், தூரத்தில் எழுந்த ஒரு சிறு ஆவிக்கீற்று பட்டது. எதிரே இருந்த மேட்டின் மீது ஏறினார். மறுபக்கம் அவர் கண்டது என்ன?

(தொடரும்)